அறுபது வயதைக் கடந்த கொடையாளரின் சிறுநீரகம்: ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடலாமா?

கேள்வி: குடியாத்தம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 61. குடியாத்தத்தில் கைத்தறியில் லுங்கி நெய்து எங்களை வளர்த்தவர். சர்க்கரை நோயினால் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக வேலூருக்கு வந்து வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் நடப்பதால் பணத்தைப் பொறுத்தவரை எப்படியோ சமாளித்து வருகிறோம். உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. டயாலிசிஸ் முடிந்து வீடு வந்து சேர்ந்தால் அன்று முழுவதும் படுத்தே கிடக்கிறார். அடுத்த டயாலிசிஸ் நெருங்கும் நாளில் மூச்சு வாங்குகிறது. இரவில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடிதான் கண்ணயர்கிறார்.

அம்மாவுக்கும் சர்க்கரை நோய் இருப்பதால் அவர் சிறுநீரகம் கொடுக்க முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். நான் தருகிறேன் என்றேன். எனக்கு இரண்டு சிறு குழந்தைகள் இருப்பதைச் சொல்லி அப்பா ஒரே பிடியாக மறுத்துவிட்டார். ஆகவே மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து சிறுநீரகம் பெறுவதற்கான பட்டியலில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறோம்.

சென்ற வாரம் மருத்துவமனையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். கொடையாளர் 60 வயதைக் கடந்தவராகவோ, ரத்த அழுத்தம் போன்ற குறைகள் உள்ளவராகவோ இருந்தால், அவருடைய சிறுநீரகத்தை ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்பதை முன்கூட்டியே எழுதித் தர வேண்டுமாம். அப்படிப்பட்ட சிறுநீரகம் வழக்கமானதைவிடக் குறைந்த காலமே உழைக்கலாம், ஆனால் காத்திருக்கும் காலம் குறையக்கூடும் என்று விளக்கினார்கள்.

"யாரோ அறுபது வருஷம் ஓட்டுன கிட்னிய வாங்கி நான் எத்தினி நாளைக்கு ஓட்டறது? நல்லதா வரட்டும், இருக்கேன்" என்கிறார் அப்பா. அண்ணனோ, கிடைப்பதை வாங்கிக்கொள்வதே நல்லது என்கிறார். இருவருக்கும் நடுவில் நான் படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இத்தகைய சிறுநீரகத்தைப் பெற்றவர்களோ, மருத்துவம் அறிந்தவர்களோ இருந்தால் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1: சிறுநீரகவியல் மருத்துவர், வேலூர்

சகோதரிக்கு வணக்கம். தங்கள் தந்தையை நேரில் பரிசோதித்து வரும் மருத்துவர் சொல்வதே முடிவானது. அவரிடம் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள என் பதில் உதவினால் போதும்.

அந்தப் படிவம் குறிப்பிடும் கொடையாளர் யார் என்பதற்கு அமெரிக்காவில் 2002-இல் வகுக்கப்பட்ட வரையறை பரவலாகப் பயன்படுகிறது. 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் எல்லோரும் அதில் அடங்குவர். 50 முதல் 59 வயதுக்குள் இருப்பவராயின், ரத்த அழுத்த நோய் இருந்திருத்தல், கடைசியாகப் பார்த்த கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவுப்பொருள் ரத்தத்தில் இருக்கும் அளவு; சிறுநீரகம் சுணங்கினால் இது ஏறும்) 1.5-க்கு மேல் இருத்தல், மூளை ரத்தக்குழாய்ப் பாதிப்பால் இறந்திருத்தல் ஆகிய மூன்றில் ஏதேனும் இரண்டு பொருந்தினால் அவரும் அடங்குவார். 10 முதல் 39 வயதுக்கு உட்பட்ட, இந்தக் குறைகள் எதுவும் இல்லாத கொடையாளரின் சிறுநீரகத்தோடு ஒப்பிட்டால், இவர்களுடைய சிறுநீரகம் பழுதாகும் அபாயம் 1.7 மடங்கும் அதற்கு மேலும் இருப்பதைக் கண்ட பிறகே அந்தக் கோட்டைக் கிழித்தார்கள்.

எத்தனை நாளைக்கு ஓடும் என்று தங்கள் தந்தை கேட்டதற்கும் ஓரளவு விடை உண்டு. அமெரிக்காவில் 2014 முதல் கொடையாளரின் வயது, உயரம், எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, இறப்பின் காரணம், கிரியேட்டினின் முதலியவற்றைக் கூட்டிப் பார்த்து ஒவ்வொரு சிறுநீரகத்துக்கும் 100 வரை ஒரு மதிப்பெண் இட்டு ஒதுக்குகிறார்கள். எண் கூடக் கூடத் தரம் குறைவு. அந்நாட்டுக் கணக்கின்படி, மிகச் சிறந்த பிரிவில் பாதிச் சிறுநீரகங்கள் ஏறத்தாழ 11 ஆண்டுகளையும், நடுப்பிரிவில் பாதி ஏறத்தாழ 9 ஆண்டுகளையும், 85-க்கு மேல் மதிப்பெண் பெற்ற கடைசிப் பிரிவில் பாதி ஏறத்தாழ ஐந்தரை ஆண்டுகளையும் கடக்கின்றன. கடைசிப் பிரிவைப் பெறுபவர்களில் பலர் முதியவர்கள் என்பதால், சிறுநீரகம் நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும்போதே வேறு காரணத்தால் இறந்தவர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

தந்தை தன் மனத்துக்குள் ஒரு முதியவரின் சிறுநீரகத்தையும் ஓர் இளைஞரின் சிறுநீரகத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார். அந்த இரண்டும் ஒரே நாளில் அவர் முன் வந்து நிற்கப் போவதில்லை. அவர் உண்மையில் எடை போட வேண்டியது, இன்று கிடைக்கக்கூடிய முதியவரின் சிறுநீரகத்தையும், நல்லது வரும்வரை இனியும் செய்துகொள்ள வேண்டிய டயாலிசிஸையும்தான். வாரம் இருமுறை என்னும் முறையில் இரண்டு டயாலிசிஸ்களுக்கு இடையில் மூன்று நான்கு நாள் இடைவெளி விழுகிறது. அந்த நீண்ட இடைவெளியில் நீரும் பொட்டாசியமும் சேர்ந்து இதயத்தைத் தாக்குவதும், திடீர் இறப்புகள் அப்போது கூடுவதும் மருத்துவ உலகம் நன்கு அறிந்தவை. தலையணைகளை அடுக்கித் தூங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அடுத்த முறை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். நுரையீரலில் நீர் கோக்கிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். டயாலிசிஸுக்குப் பின் இருக்க வேண்டிய எடையைத் திருத்தி அமைக்க வேண்டி வரலாம்.

1999-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, பட்டியலில் காத்திருப்போரையும் மூளைச்சாவுக் கொடையாளரின் சிறுநீரகம் பெற்றோரையும் ஒப்பிட்டது. அறுவைக்குப் பின் முதல் இரண்டு வாரங்களில் இறப்பு அபாயம் காத்திருப்போரைவிட 2.8 மடங்காக இருந்தது. நீண்ட காலத்தில் அதே அபாயம் 68 விழுக்காடு குறைந்தது. குறைகள் உள்ள கொடையாளரின் சிறுநீரகம் பெற்றவர்களைத் தனியாகப் பார்த்த 2005-ஆம் ஆண்டு ஆய்வில், மொத்த ஆதாயம் இதைவிடக் குறைவாக இருந்தது. தொடக்கத்து அபாயத்தை ஈடுகட்டி, காத்திருப்போரின் உயிர்பிழைப்பு விகிதத்தை எட்டவே மூன்றரை ஆண்டுகள் ஆயின. ஆதாயம் தெளிவாகத் தெரிந்தது யாருக்கு என்றால், காத்திருப்பு மிக நீளமாக உள்ள பகுதிகளில் வாழ்ந்த, 40 வயதைக் கடந்தவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும்தான். தங்கள் தந்தை அந்தக் கூட்டத்தில் அப்படியே பொருந்துகிறார். அதே சமயம், அந்த மூன்றரை ஆண்டுகளைக் கடக்கும் அளவுக்கு அவருடைய இதயம் தாங்குமா என்பதை எக்கோ முதலிய பரிசோதனைகளால் உறுதிசெய்துகொள்ளாமல் கையெழுத்திட வேண்டாம் என்றும் சொல்வேன்.

ஐரோப்பாவில் 1999 முதல், 65 வயதைக் கடந்த கொடையாளரின் சிறுநீரகங்களை 65 வயதைக் கடந்த நோயாளிகளுக்கே, அதுவும் அருகிலுள்ள மருத்துவமனையிலேயே பொருத்தும் திட்டம் நடந்து வருகிறது. முதியவரின் சிறுநீரகத்துக்கு ஐஸ் பெட்டியில் காத்திருக்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்பதே அதன் அடிப்படை. அமெரிக்காவையும் பிரான்சையும் ஒப்பிட்ட ஆய்வொன்றில், 2004 முதல் 2014 வரை எடுக்கப்பட்ட சிறுநீரகங்களில் அமெரிக்கா ஏறத்தாழ 18 விழுக்காட்டைப் பயன்படுத்தாமல் ஒதுக்கியதும், பிரான்ஸ் 9 விழுக்காட்டை மட்டுமே ஒதுக்கியதும் தெரிந்தன. பிரான்சில் கொடையாளர்களின் சராசரி வயது அமெரிக்காவைவிட அதிகம். ஒதுக்கப்பட்டவற்றில் கணிசமானவை யாரோ ஒருவருக்குப் பல ஆண்டுகள் உழைத்திருக்கும் என்பதே அதன் பொருள்.

கடைசியாக, கிரியேட்டினின் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குடும்பத்தார் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். கொடையாளரின் கிரியேட்டினின் 2.5 என்று கேட்டவுடன் பழுதான சிறுநீரகம் என்று நினைத்துவிடுகிறார்கள். பெங்களூரு நெடுஞ்சாலையில் விபத்தில் சிக்கிய 30 வயது இளைஞர் ஒருவர் மருத்துவமனைக்கு வந்த அன்று 0.9 ஆக இருந்தது, ரத்தப்போக்கினாலும் ரத்த அழுத்தம் சரிந்ததாலும் நான்காம் நாள் 2.5 ஆக ஏறியிருக்கலாம். அது திடீர் அதிர்ச்சியில் சுணங்கிய சிறுநீரகம். உள்ளே வடு விழவில்லை. மற்றொருவர் உடலுக்குள் போனதும் சில நாள் அல்லது சில வாரங்களில் பெரும்பாலும் தெளிந்துவிடும். 15 ஆண்டுகளாக ரத்த அழுத்தம் இருந்த 64 வயதுக்காரர் ஒருவர், வந்த அன்றே 1.7 ஆக இருந்து கடைசிவரை 1.7 ஆகவே இருந்தால், எண் சிறியதாக இருந்தாலும் அது வடு விழுந்து நிலைத்துவிட்ட பாதிப்பு. ஆகவே கடைசி எண்ணை மட்டும் கேட்காதீர்கள். வந்த அன்று எவ்வளவு இருந்தது, சிறுநீரில் புரதம் போகிறதா, எத்தனை ஆண்டுகளாக ரத்த அழுத்தம் என்ற மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

பதில் 2: ஆரணி பட்டு நெசவாளர்

அம்மா, நானும் தறியில் உட்கார்ந்தவன்தான். அப்படிப்பட்ட சிறுநீரகத்தைத்தான் நான் பெற்றிருக்கிறேன். கொடையாளர் அறுபதைக் கடந்த ஒரு பெண்மணி என்பதும், மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார் என்பதும் தவிர எனக்கு எதுவும் தெரியாது, தெரிவிக்கவும் மாட்டார்கள். அந்தக் குடும்பத்தாருக்கு என் வீட்டில் தினமும் விளக்கு எரிகிறது.

தங்கள் தந்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அறுவை முடிந்தவுடன் சிறுநீர் கொட்டும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் தன் தாயாரிடமிருந்து சிறுநீரகம் பெற்ற பையனுக்கு அன்று மாலையே பை நிறைந்து நிறைந்து மாற்றினார்கள். என் பையிலோ அடியில் தேநீர் நிறத்தில் கொஞ்சம் நின்றது. சிறுநீரகம் தூங்குகிறது, எழுந்துகொள்ளும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அறுவைக்குப் பிறகும் டயாலிசிஸ் தொடர்ந்தது. உடல் நிராகரிக்கிறதா என்று பார்க்க ஊசியால் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். என் மனைவி நம்பிக்கையே இழந்துவிட்டாள். பிறகு ஒரு நாள் நூறு மில்லி கூடியது, அடுத்த நாள் இன்னும் கூடியது, அப்படியே வந்துவிட்டது. முதியவரின் சிறுநீரகத்தில் இந்தச் சுணக்கம் அடிக்கடி நேரக்கூடியது என்பதை அறுவைக்கு முன்பே யாராவது எங்களுக்கு உட்கார வைத்து விளக்கியிருந்தால், அவள் அப்படிக் கலங்கியிருக்க மாட்டாள்.

என் கிரியேட்டினின் 1.8 அல்லது 1.9 என்ற அளவிலேயே நிற்கிறது. மற்றவர்களுக்கு 1.0 என்று கேட்கும்போது முதலில் வருத்தமாக இருந்தது. என் சிறுநீரகத்துக்கு இதுதான் இயல்பு, இது ஏறாமல் நிற்பதைத்தான் கவனிக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லித் தெளிய வைத்தார். அரை லிட்டருக்குள் நாவை அடக்கி வைத்திருந்த எனக்கு, மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள் என்று சொன்ன நாளில் சொம்பை எடுக்கவே கை வரவில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் குடிக்கிறேன். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரைகளைச் சாப்பிடுவதால் தொற்று எளிதில் வரும்; வெளிச் சாப்பாட்டை, ஆம்பூர் பிரியாணி உட்பட, முதல் ஆண்டு முழுவதும் தொடவில்லை. நோய் எதிர்ப்பைக் குறைக்கும் அந்த மாத்திரைகளில் ஒன்றான டாக்ரோலிமஸைக் காலையிலும் இரவிலும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் போக வேண்டும்.

நெசவைப் பற்றி ஒரு வார்த்தை. புதுச் சிறுநீரகத்தை முதுகுப் பக்கத்தில் வைப்பதில்லை. வலது அடிவயிற்றில், தோலுக்குச் சற்று உள்ளே வைக்கிறார்கள். தறியில் துணி சுற்றும் மரம் அதற்கு நேராக வந்து இடிக்கும். நான் இப்போது தறியில் இறங்குவதில்லை. நாடாவுக்கான நூலைத் தாரில் சுற்றுகிறேன், கணக்கு பார்க்கிறேன். தங்கள் தந்தைக்கு மறுபடி நெய்ய வேண்டும் என்ற ஆசை இருந்தால் இதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இனி எத்தனை ஆண்டு ஓடும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் மகள் திருமணத்தில் வந்தவர்களை வாசலில் நின்று வரவேற்றேன்; டயாலிசிஸ் நாளைப் பார்த்து முகூர்த்தம் குறிக்க வேண்டிய நிலை இல்லை.

பதில் 3: நோயாளி ஒருவரின் அண்ணன், வாணியம்பாடி

மேலே எழுதியவர்கள் மீது மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லா நோயாளிகளும் படிவத்தில் சம்மதம் எழுதிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

என் தம்பிக்கு 27 வயது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவன். ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி என்னும் நோயால் சிறுநீரகம் போனது. ஒரு மருத்துவமனையிலிருந்து இரவு ஒரு மணிக்கு அழைத்து, 66 வயதுக் கொடையாளர், சம்மதமா, அரை மணி நேரத்தில் சொல்லுங்கள் என்றார்கள். அப்போது எங்களிடம் படிவம் எதையும் காட்டியிருக்கவில்லை. கிரியேட்டினின் எவ்வளவு என்று கேட்டதற்கு, அழைத்தவரிடம் பதில் இல்லை. வேண்டாம் என்றோம். பிறகு வேறொரு மருத்துவரிடம் விசாரித்தபோது, தம்பியின் வயதுக்கு அந்த முடிவு சரியே என்றார். 27 வயதில் ஐந்தாறு ஆண்டுகள் உழைக்கும் சிறுநீரகத்தைப் பெற்றால், 33 வயதில் மீண்டும் டயாலிசிஸுக்கு வர வேண்டும். முதல் சிறுநீரகம் பழுதாகும்போது உடலில் எதிர்ப்பொருள்கள் பெருகிவிடுவதால், இரண்டாவது சிறுநீரகம் பொருந்துவது மேலும் கடினமாகிவிடும். நாங்கள் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டு நல்லதற்காகக் காத்திருக்கிறோம். அது எங்களுக்குப் பொருந்தும். 61 வயதுத் தந்தைக்குப் பொருந்த வேண்டிய அவசியம் இல்லை.

எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. அரசுக் காப்பீட்டில் வரும் ஏழை நோயாளிகளிடம் இந்தப் படிவத்தை நீட்டினால், மறுத்தால் வரிசையில் பின்னுக்குத் தள்ளிவிடுவார்களோ என்ற அச்சத்திலேயே பலர் கையெழுத்திடுவார்கள். தரம் குறைந்தது ஏழைக்கு, நல்லது வசதியுள்ளவருக்கு என்ற நிலை ஒருபோதும் வந்துவிடக் கூடாது. மறுப்பதால் பதிவு மூப்புக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்பதை அந்தப் படிவத்திலேயே அச்சிட்டுத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அச்சிட்டிருக்கவில்லை என்றால், கையெழுத்திடுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பதில் 4: உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர், சத்துவாச்சாரி

வாணியம்பாடி நண்பர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். இரவு ஒரு மணிக்கு அரை மணி நேரத்தில் கேட்டுப் பெறுவது சம்மதமே ஆகாது. முன்கூட்டியே படிவம் கொடுத்து, வீட்டில் பேச அவகாசம் தருவது அதனால்தான். பகலில் எழுதிக் கொடுத்த சம்மதத்தை அழைப்பு வந்த இரவில் மாற்றிக்கொள்ளவும் நோயாளிக்கு உரிமை இருக்க வேண்டும்.

நம் பகுதி மக்களுக்கு இந்தக் கேள்வியே புதிதாகத் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் சிறுநீரக மாற்று அறுவை முதன்முதலில் வெற்றி பெற்றது 1971-இல், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான். அதன் பிறகு நீண்ட காலம் சிறுநீரகம் என்றால் பெற்றோரோ உடன்பிறந்தோரோ மனைவியோ கொடுப்பது என்றே இங்கு பழகியிருந்தோம். மூளைச்சாவுக் கொடைக்கான அரசுத் திட்டம் தமிழகத்தில் 2008-இல்தான் முறையாகத் தொடங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில், சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த, திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மாணவர் ஹிதேந்திரனின் உறுப்புகளை மருத்துவர்களான பெற்றோர் கொடையளித்தது ஊரெங்கும் பேசப்பட்டது. மூளைச்சாவு என்றாலே சாலை விபத்தில் சிக்கிய இளைஞர் என்ற எண்ணம் நம் மனத்தில் அப்படித்தான் ஊன்றியது. பக்கவாதத்தால், ரத்தக்கசிவால் மூளைச்சாவு அடையும் ஐம்பது அறுபது வயதுக்காரர்களின் குடும்பங்களும் துக்கத்தின் நடுவே சம்மதம் தருகின்றன. "எங்க அப்பாருக்கு வயசாச்சே, அவரோடத எடுத்துக்குவாங்களா?" என்று அவர்கள் கேட்கும்போது, ஆம் என்று சொல்லிவிட்டு, பிறகு ஏற்பவர் இல்லாமல் ஒதுக்க நேர்ந்தால், அந்த வேதனை எங்களைச் சும்மா விடாது.

ஒரு முதியவரின் சிறுநீரகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்திவிடுவதில்லை என்பதைத் தங்கள் தந்தைக்குச் சொல்லுங்கள். வெளியே எடுத்தவுடன் குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி ரத்தத்தைக் கழுவி, மூன்று உறைகளுக்குள் வைத்து ஐஸ் பெட்டியில் கொண்டுவருகிறோம். பொருத்துவதற்கு முன், தனி மேசையில் ஐஸ் துருவலின் மேல் ஒரு பாத்திரத்தில் வைத்து, சுற்றியுள்ள கொழுப்பை அறுவை மருத்துவர் நுணுக்கமாகக் களைவார். நல்ல சிறுநீரகம் வழவழப்பாக, கழுவிய பின் எங்கும் ஒரே வெளிறிய நிறத்தில் இருக்கும். நாட்பட்ட ரத்த அழுத்தம் இருந்திருந்தால் மேற்பரப்பில் பொடிப்பொடியாகக் குழிகளும் வடுக்களும் தெரியும். ரத்தக்குழாயின் வாயை விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பார்ப்பார். சுண்ணாம்பு படிந்திருந்தால் நெறுநெறுவென்று தட்டுப்படும். ஐயம் இருந்தால் ஊசியளவு சதை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வடிகட்டும் முடிச்சுகள், குழல்கள், இடைத் திசு, ரத்தக்குழாய் என்ற நான்குக்கும் தலா 3 வீதம் 12-க்கு மதிப்பிடும் முறை ஒன்று உண்டு. 3 வரை என்றால் ஒற்றைச் சிறுநீரகமே போதும். 4 முதல் 6 வரை என்றால் இரண்டையும் ஒருவருக்கே பொருத்தலாம். 7-ஐத் தொட்டால் பயன்படுத்துவதில்லை என்பது அம்முறை. இந்தப் பரிசோதனையை மட்டும் நம்பி முடிவெடுப்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது, ஏனெனில் எடுத்த இடத்தைப் பொறுத்து முடிவு மாறலாம்.

நேரத்தைப் பற்றியும் கேளுங்கள். கொடையாளர் வேலூரிலேயே இருக்கிறாரா, ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தள்ளிச் சென்னையிலா, அதைவிடத் தொலைவிலா என்பதைப் பொறுத்து ஐஸ் பெட்டியில் இருக்கும் நேரம் கூடும் குறையும். இளைஞரின் சிறுநீரகம் தாங்கும் நேரத்தை முதியவருடையது தாங்காது. தங்கள் தந்தை குடியாத்தத்தில் இருப்பதால், அழைத்தவுடன் வந்து சேர்ந்துவிட முடியும் என்பது உண்மையிலேயே ஒரு சாதகம். ஆனால் அழைத்த பிறகு திரும்பிப் போக நேர்வதற்கான காரணங்கள் பெரும்பாலும் நோயாளியின் பக்கமே இருக்கின்றன. காலில் ஆறாத புண், காய்ச்சல், சொத்தைப் பல்லில் சீழ், புதுப்பிக்காத இதயப் பரிசோதனை, ரத்தப் பொருத்தம் பார்ப்பதற்கான மாதிரி கொடுக்காமல் விட்டது என்று எத்தனையோ பேர் அறுவை அரங்கின் வாசல்வரை வந்து திரும்பியிருக்கிறார்கள். சர்க்கரை நோயாளி என்பதால் பாதத்தைத் தினமும் பாருங்கள்.

குடியாத்தம் வாசகி

அனைவருக்கும் நன்றி. பதில்களை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆரணி ஐயா எழுதியதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். இதயப் பரிசோதனை முடிந்து, மருத்துவர் தாங்கும் என்று சொன்னால் சம்மதம் என்கிறார். வந்த அன்றைய கிரியேட்டினின் எவ்வளவு என்று கேட்க வேண்டும் என்பதைத் தன் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, "செத்தவங்களுது அறுபது வயசுல ஆவும்னா, உசுரோட இருக்கற என்னுது ஆவாதா?" என்று கேட்டுவிட்டார். அவருக்கு 67 வயது. அப்பாவுக்கும் அவருக்கும் ஒரே ரத்த வகை. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை மட்டும் சாப்பிடுகிறார், சர்க்கரை இல்லை. இவ்வளவு நாளும் வயதைச் சொல்லி நாங்களே அவரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தோம். அவரை அழைத்துச் செல்லலாமா?

பதில் 5: சிறுநீரகவியல் மருத்துவர், வேலூர்

அழைத்துச் செல்லுங்கள். உடன்பிறந்தவர் என்பதால் சட்டப்படி அவர் நெருங்கிய உறவினர். 1994-ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு இடம் தருகிறது. மருத்துவ நோக்கிலும் அவர் கேட்டது மிகச் சரி. 40 வயதுக்குப் பின் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு புள்ளி வீதம் குறைந்து வருவது எல்லோருக்கும் உள்ளதே. ஆனால் மூளைச்சாவு நேரும்போது உடலெங்கும் எழும் அழற்சியும், ரத்த அழுத்தச் சரிவும், ஐஸ் பெட்டியில் கழியும் மணிக்கணக்கான நேரமும் உயிருள்ள கொடையாளரின் சிறுநீரகத்துக்கு இல்லை. அதனால் வயதான உறவினர் தரும் சிறுநீரகம், அதே வயதில் மூளைச்சாவு அடைந்தவருடையதைவிடப் பொதுவாக நன்றாகவே உழைக்கிறது, அறுவை முடிந்தவுடன் பெரும்பாலும் இயங்கியும் விடுகிறது.

ஆனால் இங்கே கணக்கு மாறுகிறது. மூளைச்சாவுக் கொடையில் தந்தையின் நலத்தை மட்டும் பார்த்தோம். இங்கே அத்தையின் நலத்தை முதலில் பார்க்க வேண்டும். ஒற்றைச் சிறுநீரகத்தோடு மீதி வாழ்நாளை அவர் நலமாகக் கழிக்க முடியுமா என்பது உறுதியான பிறகே மற்றதெல்லாம். ஒரு மாத்திரையில் ரத்த அழுத்தம் கட்டுப்பட்டு, கண்ணிலோ இதயத்திலோ சிறுநீரகத்திலோ அதன் பாதிப்பு இல்லை என்றால், அவருடைய வயதில் பல மருத்துவமனைகள் அதை மட்டும் காரணமாக்கி மறுப்பதில்லை. தம்பிக்குச் சர்க்கரை நோய் இருப்பதால், அத்தைக்கும் அது மறைந்திருக்கிறதா என்று குளுக்கோஸ் கொடுத்துப் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாக இருக்கிறது என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. சிறுநீரில் புரதம், இரண்டு சிறுநீரகங்களும் தனித்தனியே எவ்வளவு வேலை செய்கின்றன என்னும் ஸ்கேன், ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி., இதயப் பரிசோதனை ஆகியவையும் நடக்கும். இரண்டில் திறன் கூடியதை அத்தையிடமே விட்டுவிட்டு மற்றதைத்தான் எடுப்பார்கள்.

அவரைத் தனியாக உட்கார வைத்து, வீட்டார் யாரும் இல்லாதபோது, மனப்பூர்வமாகத்தான் தருகிறாரா என்று மருத்துவமனையில் கேட்பார்கள். நம் ஊர்களில் உயிருள்ளவர் கொடுக்கும் சிறுநீரகங்களில் பெரும்பகுதி பெண்களிடமிருந்தே வருகிறது. உறவின் சுமையால் சரி என்று சொல்லிவிட்டு உள்ளுக்குள் அஞ்சியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அத்தை பாதியில் வேண்டாம் என்று சொன்னாலும் யாரும் ஒரு சொல் கேட்கக் கூடாது என்பதை இப்போதே வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் பேசி வைத்துவிடுங்கள்.

இந்தப் பரிசோதனைகள் முடியச் சில வாரங்கள் ஆகும். அதற்காகப் பட்டியலில் உள்ள பதிவை நீக்க வேண்டாம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். அடுத்த டயாலிசிஸுக்கு வரும் நாளில் அத்தையையும் அழைத்து வந்து, அவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்கள், உறவுமுறைச் சான்றுக்கு வேண்டிய ஆதார், குடும்ப அட்டை ஆகியவற்றைக் கையோடு எடுத்து வாருங்கள். அத்தை வலிக்கு அவ்வப்போது மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் உள்ளவரா என்பதையும் கேட்டு வையுங்கள். மூட்டு வலிக்குச் சாப்பிடும் அத்தகைய மாத்திரைகள் பல சிறுநீரகத்தைப் பாதிப்பவை, பரிசோதனைக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும்.